பாயிரம் முதல் கட்டுரை வரை
தமிழில் எழுத்துக்கலைச் சொற்களின் வரலாறு

முன்னுரை

இறையியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் படிப்பின் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, மேற்கோள், பத்தி, திறனாய்வு, நடை ஆகிய சொற்கள் அப்போது அவர் காதில் நாள்தோறும் விழுகின்றன. இவை யாவும் ஆங்கிலக் கல்வியின் வழியாக வந்த கருத்துக்களுக்கு அண்மைக் காலத்தில் இடப்பட்ட பெயர்கள் என்று அவர் கருதுவது இயல்பே. அக்கருத்து ஓரளவுக்கு உண்மையாயினும் முழுவதும் உண்மையன்று. இச்சொற்களுள் சில ஆயிரம் ஆண்டுப் பழமை உடையன. சில பொருள் மாறி நிற்பன. சில நம் நூற்றாண்டுக்குச் சற்று முன்னரே பிறந்தன. ஒரு சொல் எவ்வழியாக வந்தது என்பதை அறியாதவர் அச்சொல் தம்மிடம் எதனைக் கேட்கிறது என்பதையும் அறியார். ஆகவே இச்சொற்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதும், அவ்வரலாறு எழுத்துப் பணியில் நமக்கு எவ்வாறு உதவும் என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாயிரம்: எழுதுவோர்க்கு ஓர் இலக்கணம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அவர் சமண சமயத்தினர். எழுத்தும் சொல்லும் பற்றிய இலக்கணத்தைத் தொடங்கு முன்னர், நூல் என்பது யாது, ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்வதும் கேட்பதும் எவ்வாறு என்பவற்றை விளக்கும் பாயிரம் ஒன்று அந்நூலில் அமைந்துள்ளது. இலக்கணம் கற்போர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். ஆனால் எழுதக் கற்போர்க்கு நன்னூலின் மிகப் பயனுள்ள பகுதி இதுவேயாகும்.

பாயிரத்திற்கு வழங்கும் பெயர்களாக முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்னும் ஏழனை நன்னூல் தருகின்றது. இவற்றுள் முகவுரையும் அணிந்துரையும் இன்றும் ஒவ்வொரு நூலின் முதற்பக்கங்களிலும் காணப்படுகின்றன. பாயிரம் இல்லாத நூல், எத்துணை விரிந்ததாயினும், நூல் ஆகாது என்பது நன்னூலாரின் துணிபு. சிறப்புப்பாயிரத்தில் கூறப்பட வேண்டியவை எட்டு என்றும் அவர் வகுக்கின்றார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றோடு காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுவோர் உண்டு.

லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களை இவ்வளவுகோலால் நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். முன்னர் எழுதினோரும் கண்கூடாகக் கண்டோரும் அங்கே சுட்டப்படுகின்றனர், இது வழி. நிறைவேறிய நிகழ்ச்சிகள் கூறப்படுகின்றன; இது நுதலிய பொருள். தெயோப்பிலு விளிக்கப்படுகின்றார், அவர் கேட்போர். அவர் கற்றவற்றின் உறுதியை அறிய வேண்டும் என்பது பயன். ஒழுங்காக எழுதுதல் என்பதும் அங்கே குறிக்கப்படுகின்றது. கிரேக்க உலகின் மரபில் எழுதிய நற்செய்தியாளரும், கொங்கு நாட்டில் எழுதிய சமண முனிவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எனினும், எழுதத் தொடங்குவோன் கேட்போனுக்கு எவற்றை முதலில் சொல்லக் கடமைப்பட்டுள்ளான் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து என்றும், அமைய வேண்டிய அழகுகள் பத்து என்றும், உத்திகள் முப்பத்திரண்டு என்றும் நன்னூல் வகுக்கின்றது. குற்றங்கள் பத்து என்பதும் உத்திகள் முப்பத்திரண்டு என்பதும் தொல்காப்பிய மரபியலிலேயே காணப்படும் பழங்கணக்கு. குற்றங்களுள் ‘கூறியது கூறல்’, ‘மாறுகொளக் கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’ என்பவற்றுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. அவை ஒவ்வோர் ஆசிரியரும் விடைத்தாளின் ஓரத்தில் எழுதத்தக்கவை. ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதோ நின்று எண்ணத்தக்கது. வலிமையாகத் தொடங்கிய பொருள் போகப் போக மெலிந்து, முடிவின்றி ஓய்ந்து போவதை அது குறிக்கின்றது. நம் பிரசங்கங்கள் பலவற்றின் வரலாறு இந்த மூன்று சொற்களில் அடங்கியிருப்பதை நேர்மையுள்ள போதகர் மறுக்க மாட்டார். அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அடுத்தடுத்து நிற்பதும் காரணம் பற்றியதே. சுருக்கம் தெளிவைக் கெடுத்தலாகாது. தெளிவின் பொருட்டுச் சொற்பெருக்கும் ஆகாது.

2. உரையாசிரியர்கள் வகுத்த சொற்கள்

தமிழில் உரைநடை ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே தோன்றியது என்னும் கூற்று இன்றும் சில இடங்களில் கேட்கின்றது. இது திருத்தப்பட வேண்டியது. பாட்டோடு உரையையும் யாப்பின் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணுகின்றது. சிலப்பதிகாரத்தில் பாட்டினிடையே உரைப்பகுதிகள் வருகின்றன. இறையனார் களவியலுக்கு எழுந்த உரை, தொடர்ந்து செல்லும் தமிழ் உரைநடைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. அதன் பின்னர் இளம்பூரணர், சேனாவரையர், பரிமேலழகர், நச்சினார்க்கினியர் முதலியோரும், மணிப்பிரவாள நடையில் எழுதிய வைணவ ஆசாரியர்களும் உரைநடையைப் பல நூற்றாண்டுகள் கையாண்டனர். ஆயினும் அவ்வுரைநடை பெரும்பாலும் பிறிதொரு நூலைச் சார்ந்தே நின்றது. மூலநூலின்றித் தானே ஒரு பொருளை எடுத்து நடத்தும் உரைநடை அரிதாயிருந்தது என்பதே சரியான கூற்றாகும்.

இவ்வுரையாசிரியர்களின் கலைச்சொற்கள் திருமறை விளக்கத்தைக் கற்போர்க்கு அந்நியமானவை அல்ல. சொல்லுக்குச் சொல் பொருள் கூறுவது பதவுரை, தொகுத்துக் கருத்தைக் கூறுவது பொழிப்புரை, விரித்துரைப்பது அகலவுரை. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு இவற்றோடு வினாவும் விடையும் கொண்டு செல்வது காண்டிகையுரை. அவற்றோடு நில்லாது, பொருளை நிறுவ இன்றியமையாத பிறவற்றையும் விரித்து ஆராய்வது விருத்தியுரை. சபையாருக்கு வேதபாட வகுப்பு நடத்துவோர்க்குக் காண்டிகை வேண்டும். ஆய்வாளர்க்கு விருத்தி வேண்டும். இரண்டையும் மயக்குவதால் வகுப்புக்கள் களைப்பையும் ஆய்வுகள் வறுமையையும் அடைகின்றன.

உரையின் கூறுகளாக நன்னூல் பதினான்கைக் காட்டுகின்றது. பாடம் என்பது அவற்றுள் முதலாவது. மூலத்தின் சரியான பாடத்தை முதலில் உறுதி செய்க என்பது இதன் கருத்து. மூலபாட ஆய்வு என்று நாம் இன்று வழங்குவதற்கு இதனினும் பொருத்தமான முன்னோடியைக் காண்பதரிது. பதினான்கில் இறுதியாக நிற்பது ஆசிரிய வசனம். அதாவது, முன்னோர் மொழியை எடுத்தாளுதல். பிறர் சொல்லை எடுத்துரைப்பது முதலிடத்தில் இல்லாமல் இறுதியில் நிற்பது கருதத்தக்கது.

3. மேற்கோள் என்னும் சொல்லின் பொருள்மாற்றம்

இன்று மேற்கோள் என்றால் பிறர் நூலிலிருந்து எடுத்துக்காட்டும் பகுதி என்றே பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். பழைய அளவை நூலில் இச்சொல்லின் பொருள் வேறு. ஒருவன் தான் நிறுவுவதற்காக மேற்கொள்ளும் கருத்தே மேற்கோள். வடமொழியில் அது பிரதிஞ்ஞை எனப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதம் பன்னிரண்டு சூத்திரங்களை உடையது. ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் அதிகரணத்திலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றும் முறையே நிற்கின்றன. கூற வந்தது இது. அதற்குக் காரணம் இது. அதனை விளக்கும் சான்று இது. சைவ சித்தாந்தத்தின் முடிபுகளை ஏற்பினும் ஏற்காவிடினும், இவ்வொழுங்கின் நேர்மையைப் பாராட்டாதிருக்க இயலாது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்லூரியின் தலைவராயிருந்த அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன், இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார். இறையியலைத் தமிழில் எவ்வாறு ஒழுங்குபடுத்தி எழுதுவது என்று அறிய விரும்புவோர்க்கு அந்நூல் இன்றும் கற்கத்தக்கதே.

மேற்கோள் என்னும் சொல் தன் பழம்பொருளை இழந்தது வெறும் சொல்லாராய்ச்சிச் செய்தி அன்று. நம் ஆய்வேடுகள் பலவற்றில் பிறர் கூற்றுக்கள் பக்கந்தோறும் நிறைந்துள்ளன. ஆனால் எழுதியவர் தாம் மேற்கொண்டது யாது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. முன்னைப் பொருளில் மேற்கோள் இல்லாமையால், இன்றைய பொருளில் மேற்கோள்கள் பெருகி விடுகின்றன. ஒருவர் தமக்கென ஒரு கருத்தை மேற்கொள்ளும்போதே அதற்கு ஏதுவைத் தேட வேண்டிய கடமை அவருக்கு எழுகின்றது. கருத்தே மேற்கொள்ளாதவர்க்கு அக்கடமையும் இல்லை. அதனால் அவர் கட்டுரையில் பயனும் இல்லை.

நன்னூல் கூறும் எழுவகை மதமும் இங்கு நினைக்கத்தக்கது. பிறர் கருத்துக்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், மாறுபட்ட இருவர் கொள்கையுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல், பிறர் எவரோடும் சேராமல் தன் கொள்கையே கொள்ளல் என ஏழு நிலைகளை அது காட்டுகின்றது. முன்னோர் ஒருவரின் கருத்தை எடுத்தாளும் மாணவர், இவ்வேழனுள் தாம் எந்நிலையில் நிற்கிறார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டாவதாக ஒரு நிலை, அதாவது யாதொன்றும் கூறாமல் படி எடுத்து வைத்தல், அங்கே சொல்லப்படவில்லை.

4. ஓலையிலிருந்து தாளுக்கு

ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; ஓலை கிழிந்துவிடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்பர். சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. பத்திப் பிரிப்பும் இல்லை. செய்யுளுக்கு இக்குறை பெரிதன்று. யாப்பும் ஓசையும் பொருளைப் பிரித்துக் காட்டும். உரைநடைக்கோ அத்துணை ஏதும் இல்லை. அச்சு வந்த பின்னரே உரைநடை தன் உறுப்புக்களைப் பெற்றது.

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்க நூல் அச்சேறியது. இயேசு சபையைச் சேர்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அதனைப் போர்த்துக்கேய மொழியிலிருந்து பெயர்த்திருந்தார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாக இன்று நமக்குக் கிடைப்பது அதுவே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1580இல், பிரெஞ்சு நாட்டில் மொந்தேஞ் தம் சிந்தனைகளை ‘முயற்சிகள்’ என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டார். ஐரோப்பிய மொழிகளில் கட்டுரையைக் குறிக்கும் பெயர் அங்கிருந்தே வந்தது. மதுரையில் 1606ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய ராபர்ட் தெ நொபிலி, மூலநூல் ஒன்றைச் சாராமல் சமயப் பொருளையே எடுத்து நடத்தும் நீண்ட உரைநடை நூல்களை எழுதினார்.

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, உரைநடையில் வழங்கும் சொற்களையும் செய்யுளில் வழங்கும் சொற்களையும் தனித்தனி அகராதிகளாகத் தொகுத்தார். இவ்விரண்டும் வேறு வேறு நடைகள் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தமைக்கு இது சான்று. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சிட்டு முடிந்தது. வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி, எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு செய்தார். 1730இல் தொன்னூல் விளக்கத்தையும், 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடைய சதுரகராதியையும் அவர் இயற்றினார். இவர்களின் தொண்டு பெரிது. ஆனால் இவர்கள் எவரும் தமிழ் உரைநடையைப் படைத்தவர் அல்லர். உரையாசிரியரின் சொற்களஞ்சியத்தையும் மக்களின் பேச்சையும் கொண்டு அதற்குப் புதிய பணிகளைக் கொடுத்தவர்கள் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகளும் தேர்வுகளும் பெருகியபோது உரைநடைத் தேவையும் பெருகியது. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரக் கதையை உரைநடையில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர் சைவத்தின் பொருட்டுத் தம் வாழ்நாளை அர்ப்பணித்தார். ஐரோப்பிய நிறுத்தக் குறிகளைத் தம் பதிப்புக்களிலும் பாலபாடங்களிலும் ஒழுங்காகக் கையாண்டு அவற்றைத் தமிழுக்கு உரியவை ஆக்கினார். கிறிஸ்தவ வேலையில் பழகிய கருவிகள் கிறிஸ்தவத்தை எதிர்க்கவும் பயன்பட்டன என்று வருந்துவதற்கில்லை. எதிர்த்தாரும் எதிர்க்கப்பட்டாரும் சேர்ந்தே இன்றைய உரைநடையை உருவாக்கினர்.

இவ்வரலாற்றில் ஹென்றி பவர் என்பவரும் நினைக்கத்தக்கவர். அவர் முதன்மையாய் நின்று திருத்திய தமிழ் வேதாகமம் 1871இல் வெளிவந்தது. பின்னர் 1876இல் அவர் நன்னூற் பாயிரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் இலக்கணச் சொற்களின் விளக்கத்தோடும் வெளியிட்டார். திருமறையைத் தமிழ்ப்படுத்துவதில் நீண்ட காலம் உழைத்த ஒருவர், எழுதுவது எவ்வாறு என்னும் பாடத்திற்காகச் சமண முனிவர் ஒருவரின் பாயிரத்தைத் தேர்ந்தெடுத்தமை நம் கவனத்திற்கு உரியது.

5. வசனம், வியாசம், கட்டுரை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டபோது, நாவல் என்னும் பெயர் தமிழில் ஊன்றவில்லை. அவர் அதனை வசன காவியம் என்னும் வகையிலேயே கருதினார். வசனம் என்பது சொல், பேச்சு எனப் பொருள்படும் வடசொல். திருமறையின் சிறு பகுதியையும், செய்யுள் அல்லாத நடையையும் அது ஒருங்கே குறித்து வந்தது. கட்டுரைக்கு வியாசம் என்னும் வடசொல் வழங்கியது. விரித்துரைத்தல் என்பது அதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இதழ்களில் இச்சொல் நிரம்பக் காணப்படும். 1916இல் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தோன்றிய பின்னர், வசனம் உரைநடைக்கும், வியாசம் கட்டுரைக்கும், விமர்சனம் திறனாய்வுக்கும் சிறிது சிறிதாக இடம் கொடுத்தன. பத்தி என்பதோ, வரிசையைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவமாயினும், வழக்கில் ஊறி நிலைத்துவிட்டது.

கட்டுரை புதிதாக ஆக்கப்பட்ட சொல் அன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கே கட்டுரை காதை என்று பெயர். ஒவ்வொரு காண்டத்தின் இறுதியிலும் தொகுத்துரைக்கும் பகுதியும் கட்டுரை எனப்படும். பொருள் பொதிந்த உறுதிமொழி என்பது பழைய கருத்து. பிரெஞ்சுச் சொல் முயற்சியைக் குறிக்க, தமிழ்ச் சொல் கட்டப்பட்ட உரையைக் குறிக்கின்றது. ஒன்று தேடலையும் மற்றொன்று கட்டுக்கோப்பையும் வலியுறுத்துகின்றன. நல்ல கட்டுரைக்கு இரண்டும் வேண்டும்.

6. திறனாய்வும் சபையும்

இச்சொற்களுள் நம் ஊழியத்தை நேரே தொடுவது விமர்சனம் என்பதாகும். வடமொழியில் அதன் வேர்ப்பொருள் ஆராய்ந்து சிந்தித்தல். ஆனால் பேச்சுத் தமிழில் ஒருவரை விமர்சித்தல் என்றால் குறைகூறல் என்றே பொருள்படுகின்றது. வேதாகம விமர்சனம் என்னும் சொற்றொடரைச் சபையில் முதன்முதலாகக் கேட்பவர், இறையியல் கல்லூரியில் திருமறையின் மேல் குற்றம் கண்டுபிடிக்கக் கற்பிக்கின்றனர் என்று அஞ்சுவாராயின், அப்பழி அவர்மேல் மட்டும் சாராது. சொல்லைத் தெரிந்தெடுத்தோர் மேலும் சாரும். திறனாய்வு என்னும் சொல் இவ்விடரைப் பெரிதும் நீக்குகின்றது. ஆராயப்படுவது திறனேயன்றிக் குறையன்று என்பதை அச்சொல்லே காட்டுகின்றது.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால் திருமறையே நமக்கு ஒரு சொல்லைத் தருகின்றது. ஐரோப்பிய மொழிகளில் திறனாய்வைக் குறிக்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், எபிரெயர் நிருபம் நான்காம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தில் வருகின்றது. அங்கே அது மனிதர் தேவவசனத்தின்மேல் செய்யும் செயலைக் குறிக்கவில்லை. தேவவசனம் மனித இருதயத்தின் நினைவுகள்மேல் செய்யும் செயலைக் குறிக்கின்றது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘வகையறுத்தல்’ என்று அழகுறத் தமிழ்ப்படுத்தியது. வகைப்படுத்திப் பிரித்தறிதல் என்பதே இச்சொல்லின் கருத்து. திருமறையை வகையறுத்து ஆராயும் மாணவர், தாமும் அத்திருமறையால் வகையறுக்கப்படுகின்றவர் என்பதை மறவாதிருப்பாராயின், அவருடைய ஆய்வு சபைக்கு அச்சமூட்டாது. சபையின் நம்பிக்கையும் ஆய்வுக்குத் தடையாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, எழுத்துக்கலைக்குரிய தமிழ்ச் சொற்கள் சமணர், சைவர், வைணவர், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் ஆகிய பலரும் வெவ்வேறு காலங்களில் சேர்த்த பொதுச்செல்வம். எவரும் அதனைத் தமக்கே உரியது எனல் பொருந்தாது. இரண்டாவது, பழஞ்சொற்களுள் சில, இன்றைய பயிற்சிக்கு வேண்டிய நுட்பத்தை இன்றைய சொற்களைக் காட்டிலும் நன்கு கொண்டுள்ளன. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றையும் தம் தாளின் தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியையும் சோதிப்பவர்க்கு வேறு வழிகாட்டி நூல் அதிகம் தேவைப்படாது. மூன்றாவது, கலைச்சொல் என்பது கற்றவர் தமக்குள் வழங்கும் குறியீடு மட்டும் அன்று. அது சபையின் காதிலும் விழுகின்றது. ஆகவே அதனைத் தெரிந்தெடுப்பதும் ஊழியத்தின் ஒரு பகுதியே.

நூல் என்னும் சொல்லுக்குப் பவணந்தியார் இரண்டு உவமைகள் காட்டுகின்றார். பஞ்சிலிருந்து நூற்கப்படும் இழை ஒன்று. மரத்தின் கோணலை அறுத்து நேராக்குவதற்குத் தச்சன் அடிக்கும் நூல் மற்றொன்று. நம் மாணவர் எழுதும் கட்டுரைகள் அறுபடாத இழையாகச் செல்ல வேண்டும். படிப்போர் மனத்தின் கோணலையும், அதற்கு முன்னர் எழுதுவோர் மனத்தின் கோணலையும், அவை நேராக்க வேண்டும்.